படம் இல்லாதவர்கள்

'கோகோ'வை ஐந்தாறு முறையாவது பார்த்திருப்பேன், பெரும்பாலும் மகளுக்காக. 2017இல் பிக்ஸார் எடுத்த அனிமேஷன் படம். மெக்சிகோவின் இறந்தோர் தினத்தைப் பற்றி நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் அநேகமாக இதிலிருந்துதான். கோகோ என்பது கதைநாயகன் மிகேலின் கொள்ளுப்பாட்டி. எல்லோரும் அவளை 'மாமா கோகோ' என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் மாமா என்றால் அம்மா என்று மகளுக்குப் புரியவைப்பதற்குள் பாதிப் படம் ஓடிவிட்டது. ஞாபகம் தப்பிப்போன அந்தக் கிழவியின் முன்னால் உட்கார்ந்து மிகேல் கிதாரோடு பாடும் இடத்தில் ஒவ்வொரு முறையும் அழுதிருக்கிறேன். போன நவம்பரிலும் அழுதேன். ஆனால் இந்த முறை படத்தின் மேல் கொஞ்சம் கோபமும் வந்தது.

கோகோவின் அப்பா எக்தோர் ஒரு பாட்டுக்காரன். மனைவி இமெல்டாவையும் குழந்தையையும் விட்டுவிட்டு நண்பனோடு பாடிப் பிழைக்கப் போனவன் திரும்பவேயில்லை. இமெல்டா செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு குடும்பத்தை நிமிர்த்துகிறாள். வீட்டில் பாட்டுக்குத் தடை. குடும்பப் படத்தில் அவன் முகம் இருந்த துண்டு கிழிக்கப்பட்டிருக்கிறது. இந்த முன்கதை முழுவதையும் பாப்பெல் பிகாதோ என்ற வண்ணத்தாள் தோரணங்களின் மேல் நகரும் உருவங்களாகக் காட்டுகிறார்கள். தாள்களை அடுக்காக வைத்து உளியால் வெட்டும் இந்தக் கைவேலைக்குப் பெயர்போன ஊர் பியூப்லா மாநிலத்தின் உயிஷ்கொலோத்லா. வெட்டி எறிந்த இடங்களால்தான் அந்தத் தாளில் உருவமே தெரியும். வெட்டி எறியப்பட்ட ஒருவனின் கதையை அதில் சொல்லத் தோன்றியதற்காகவே இந்தப் படத்தை எடுத்தவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

இறந்தோர் உலகத்திலிருந்து வீட்டுக்கு வர செம்பசூச்சில் பூக்களால் ஆன பாலம். நம் செண்டுமல்லிதான். அதன் பூர்வீகம் மெக்சிகோ; நம் மாலைகளுக்கு அது கடல் தாண்டி வந்தது. பாலத்துக்கு முன்னால் ஒரு குடிநுழைவுச் சாவடி இருக்கிறது. ஓஃப்ரெண்டா எனப்படும் வீட்டுப் படையல் மேடையில் உங்கள் படம் இருக்கிறதா என்று கருவி முகத்தை வைத்துச் சரிபார்க்கும். இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாறுவேடம் போட்டுக் கடக்கப் பார்த்து எக்தோர் மாட்டிக்கொள்ளும்போது பிள்ளைகள் சிரிக்கிறார்கள். விசா வரிசைகளில் நின்ற எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். தொழில்முறையிலும் எனக்குத் தெரிந்த வாசல் அது. பதிவேட்டில் இல்லாதவன் உள்ளே வர முடியாது.

படத்தின் மிக நல்ல பகுதி இதற்குப் பிறகு வருகிறது. படம் வைக்க ஆளில்லாதவர்கள் ஊருக்குக் கீழே ஒரு குடிசைப் பகுதியில் ஒதுங்கி வாழ்கிறார்கள். இரத்த உறவு எதுவும் இல்லாவிட்டாலும் ஒருவரையொருவர் முறை சொல்லி அழைத்துக்கொள்கிறார்கள். வெளிநாட்டில் முதல் வருடம் அறையில் ஏழு பேராகத் தங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே சிச்சரோன் என்ற கிழவர், தன்னை நினைக்கும் கடைசி ஆளும் இல்லாமல் போனதால், எக்தோர் பாடிக் கேட்டபடியே மறைந்துபோகிறார். குழந்தைகள் படம் ஒன்றில் இவ்வளவு தனிமையான மரணத்தை நான் பார்த்ததில்லை.

பிறகுதான் படம் கைவிடுகிறது. எக்தோர் ஊருக்குத் திரும்பத்தான் நினைத்தானாம். பெட்டியோடு கிளம்பியவனை நண்பன் விஷம் வைத்துக் கொன்று பாட்டுகளையும் திருடிக்கொண்டானாம். வில்லன் கிடைத்துவிட்டான், அதனால் எக்தோர் நிரபராதி, அதனால் அவன் படம் மேடைக்கு வரலாம். சரி, கொலை செய்யப்படாமல் சும்மாவே திரும்பாமல் போனவர்களை என்ன செய்வது?

என் தாத்தாவின் தம்பி பினாங்குக்குப் போனவர். சில வருடங்கள் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அங்கே வேறு குடும்பம் என்றார்கள், யுத்தத்தில் செத்திருப்பார் என்றார்கள். சின்ன அப்பாயி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. செத்த தேதி தெரியாததால், ஏன், செத்தாரா என்பதே தெரியாததால், அவருக்குத் திதி கொடுப்பதா வேண்டாமா என்று வீட்டில் யாராலும் முடிவெடுக்க முடியவில்லை. வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை. அவர் கதையில் விஷக்கோப்பையும் இல்லை. பிழைக்கப் போனார், வரவில்லை, அவ்வளவுதான். 'கோகோ'வின் சாவடியில் அவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

மெக்சிகோவின் சடங்கும் இப்படித்தான் கேட்கிறதா என்று பார்த்தால், இல்லை. பல ஊர்களில் 'ஆனிமா சோலா'வுக்கு, அதாவது யாருமற்ற தனி ஆன்மாவுக்கு, தனியாக ஒரு பங்கு வைக்கும் வழக்கம் உண்டு. வீட்டுக்காரர்களுக்கு மேடையில் ரொட்டி, உப்பு, மெழுகுவத்தி. யாரென்றே தெரியாதவருக்கு வாசலில் ஒரு தம்ளர் தண்ணீர், கொஞ்சம் ரொட்டி. அதற்குப் படம் தேவையில்லை. அவர் நல்லவரா என்றும் கேட்பதில்லை.

நடனத்திலும் இதே மனசு இருக்கிறது. சான் லூயிஸ் பொத்தோசி, இதால்கோ, வெராக்ரூஸ் மாநிலங்களில் விரிந்துகிடக்கும் ஹுவாஸ்தெகா பகுதியில் இந்த நாட்களுக்கு ஷந்தோலோ என்று பெயர். முகமூடி போட்டவர்கள் வீடு வீடாகப் போய் ஆடுகிறார்கள். ஆண்களே பெண் வேடமும் கட்டுகிறார்கள். வயலின் ஒலிக்க, காலைத் தரையில் தட்டித் தட்டி ஆடுவதைக் காணொளிகளில் பார்த்திருக்கிறேன். வந்து போகும் இறந்தவர்களின் இடத்தில் நிற்பவர்கள் இவர்கள். முகமூடிக்குள் இருப்பது பக்கத்து வீட்டுக்காரனா, போன வருடம் செத்த மாமனா, யாருக்கும் சொந்தமில்லாத ஒருவனா என்பது வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை. 'கோகோ'வில் நடனம் உண்டு, ஆனால் அது மேடையில், போட்டியில், விளக்கு வெளிச்சத்தில்.

இந்தச் சடங்கில் எதுவும் மாறக்கூடாது என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. படத்தில் இறந்தவர்களுக்கு வழிகாட்டும் அலெப்ரிஹே என்ற வண்ண மிருகங்களை 1936 வாக்கில் மெக்சிகோ நகரத்துக் காகிதக்கூழ்க் கலைஞர் பெத்ரோ லினாரெஸ் காய்ச்சல் கனவில் கண்டு செய்யத் தொடங்கினார். இறந்தோர் தினத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. மெக்சிகோ நகரத்தில் 2016இல் தொடங்கிய ஊர்வலமோ ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றில் இட்டுக்கட்டியதைப் பார்த்துத் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலிஸில் 1970களில் இந்த நாளைக் கொண்டாடத் தொடங்கிய கலைஞர்களில் பலர் வீட்டில் அதைப் பார்த்தே வளராத இரண்டாம் தலைமுறை. புதிதாகச் சேர்வது சேரட்டும். டிஸ்னி 2013இல் இந்த நாளின் பெயரையே வணிக முத்திரையாகப் பதியப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. அதைக்கூட நான் பெரிதுபடுத்த மாட்டேன். வாசலில் வைத்த தம்ளரை எடுத்துவிட்டதுதான் எனக்குக் குறை.

கடைசிக் காட்சியில் ஒரு வருடம் கழிந்திருக்கிறது. எக்தோரின் முகத்தைக் கருவி ஏற்றுக்கொள்ள, மனைவி, மகளோடு பூப்பாலத்தில் நடந்து வருகிறான். வீடு முழுக்கப் பாட்டு. மகள் கைதட்டினாள். நான் அந்தக் குடிசைப் பகுதியை இன்னொரு முறை காட்டுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காட்டவில்லை.