ஐசாட்போன் 2: மலையில் கைகொடுக்குமா?

பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வாக்கு இயந்திரம் கழுதை முதுகில் ஏறும் படம் தேர்தலுக்குத் தேர்தல் பத்திரிகையில் வரும். தேர்தல் இல்லாத நாளில் அப்படியொரு ஊரில் யாரையாவது பாம்பு கடித்தால்? தூளி கட்டித் தூக்கிவர ஆள் உண்டு. ஆம்புலன்ஸை அடிவாரத்துக்கு வரச்சொல்லத்தான் சிக்னல் வேண்டும். அந்த வேலைக்கு இன்மார்சாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் போனான ஐசாட்போன் 2 ஒத்துவருமா என்று பார்க்க, உரிமம் உள்ள ஓர் அலுவலகத்தின் செட்டைக் கையில் எடுத்தேன்.

எடை 318 கிராம். பழைய நோக்கியா பிடித்தவர்களுக்குப் பொத்தான்கள் உடனே பழகிவிடும். உச்சி வெயிலிலும் திரை தெரிகிறது. பேட்டரி 8 மணி நேரம் பேசத் தாங்கும், சும்மா வைத்திருந்தால் 160 மணி நேரம் என்கிறது கம்பெனி.

சங்கதி ஆன்டெனாவில் இருக்கிறது. இதன் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு நேர்மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்கிறது. இந்த மலை இருக்கும் தருமபுரி மாவட்டம் அந்த ரேகைக்கு 12 பாகை வடக்கே. ஆகவே நமக்குத் தெற்குப் பக்க வானம் திறந்திருக்க வேண்டும். இதே மாவட்டத்துச் சித்தேரி போன்ற இடத்தில் மலையின் வடசரிவில், புளியமரத்தடியில் நின்று டயல் செய்தால் ஒன்றும் நடக்காது. வீட்டுக்குள்ளிருந்தும் பேச முடியாது. கடிபட்டவர் திண்ணையில் கிடக்க, இன்னொருவர் செட்டோடு மேட்டுக்கு ஓடவேண்டும். பாறை மேலேறி, ஆன்டெனாவை முழுக்க நிமிர்த்தி, சிக்னல் கோடுகள் ஏறும்வரை மெல்லத் திரும்ப வேண்டும், கிடைத்ததும் ஆடக்கூடாது.

குரல் தெளிவு. ஆனால் நாம் சொன்னது போய்ப் பதில் வர அரை நொடிக்கு மேல் ஆகிறது. பதற்றத்தில் இருப்பவர் அதற்குள் "ஹலோ, கேக்குதா?" என்று மறுபடி கத்துவார், இரண்டு குரலும் மோதி இரண்டுமே விளங்காது. ஊர், கடித்த நேரம், எந்தப் பாதையில் இறங்குகிறோம் என்று மூன்றையும் சொல்லிவிட்டு வாயை மூடிக் காத்திருப்பதே வழி.

உதவிப் பொத்தான் ஒன்று தனியாக உண்டு. அழுத்தினால் நாம் முன்பே பதிந்த எண்ணுக்கு, நிற்கும் இடத்தின் ஜிபிஎஸ் விவரத்தோடு தகவல் போகும். எண் பதியாவிட்டால் அது வெறும் அலங்காரம். 108, 1077 என்று சுருக்க எண்ணை நம்பாமல், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் முழு எண்ணை 91 சேர்த்துப் பதிவது நல்லது.

மலையேறும் இளைஞர்களுக்கு ஒன்று: வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்து பையில் போட்டுக்கொள்ளும் சாமான் அல்ல இது. 2008 மும்பைத் தாக்குதலில் துராயா என்ற செயற்கைக்கோள் போன் பயன்பட்டதிலிருந்து கெடுபிடி அதிகம். உரிமமில்லாமல் துராயா, இரிடியம் போன்களை வைத்திருப்பது குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமானநிலையத்தில், கார்மின் இன்ரீச் என்ற செயற்கைக்கோள் கருவி வைத்திருந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் பிடிபட்டார். இங்கே முறையான வழி, பி.எஸ்.என்.எல். 2017 முதல் தரும் இன்மார்சாட் சேவைதான்.

என் மதிப்பீட்டில் கருவி தேறிவிட்டது. ஆனால் அது ஆட்சியர் அலுவலக பீரோவில் இருந்தால் மலைக்குப் பயனில்லை. கிராம செவிலியர் கையில், சார்ஜ் ஏற்றி, மாதம் ஒருமுறை அதே பாறையிலிருந்து ஒத்திகை அழைப்பு போட்டுப் பார்க்கும்படி கொடுக்கலாம்.