வீச்சத்தைக் காட்டிக்கொடுக்கும் டார்ச்

பழைய ஃபிளாட் வாங்குகிறவர்கள் பத்திரம் பார்ப்பார்கள், தண்ணீர் வரத்து பார்ப்பார்கள். யாரும் மோந்து பார்ப்பதில்லை. நாங்களும் பார்க்கவில்லை. சென்னையில் இந்த வீட்டைப் பார்க்கப் போன நாளெல்லாம் ஹாலில் ஊதுபத்தி மணத்தது. பக்தியான குடும்பம் என்று நினைத்துக்கொண்டோம். பால் காய்ச்சிக் குடிவந்த மறுவாரம் மழை பிடித்தது. கூடவே பூனை மூத்திர வீச்சமும் கிளம்பியது. முன்பு இருந்தவர்கள் ஏழு பூனை வளர்த்த கதையைக் கீழ்வீட்டுப் பாட்டி அப்புறம்தான் சொன்னார்.

பினாயில், சாம்பிராணி, எலுமிச்சை எல்லாம் தோற்ற பிறகு இரண்டு கருவிகளைக் கொண்டுவந்தேன். ஒன்று, வாடகைக்கு எடுத்த ஓசோன் மெஷின். மற்றது, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்த புற ஊதா டார்ச்.

ஓசோன் மெஷினைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அது ஓடும்போது வீட்டில் மனிதர், பிராணி, செடி எதுவும் இருக்கக் கூடாது. ஓசோன் நுரையீரலுக்கு எரிச்சலூட்டும். அமெரிக்காவில் வேலையிடத்துக்கான எட்டு மணி நேர வரம்பே பத்து லட்சத்தில் 0.1 பங்குதான். பூட்டி வைத்து ஓட்டி, ஜன்னலைத் திறந்து காற்றாட விட்டு வந்து பார்த்தால் வீடு ஜெராக்ஸ் கடை மாதிரி மணத்தது. நான்காம் நாள் பூனை திரும்பிவிட்டது. ஓசோன் காற்றில் இருக்கும் நாற்றத்தோடு மல்லுக்கட்டும். சிமென்ட் பூச்சுக்குள் ஊறியதை அது தொடுவதில்லை.

ஊறியது லேசுப்பட்ட சரக்கும் இல்லை. பூனையின் சிறுநீரில் ஃபெலினைன் என்றொரு அமினோ அமிலம் உண்டு. அது சிதையும்போது கந்தகச் சேர்மம் பிறக்கிறது. கடுவன் பூனையிடம் அதிகம். யூரியாவை பாக்டீரியா அம்மோனியாவாக மாற்றும். யூரிக் அமிலமோ தண்ணீரில் சரியாகக் கரையாது. எத்தனை முறை துடைத்தாலும் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்து, ஈரம் பட்டதும் எழுந்து உட்காருகிறது.

இனி டார்ச். 395 நானோமீட்டர், 365 நானோமீட்டர் என இரண்டு வகை விற்கிறது. முதலில் வாங்கிய மலிவான 395, அறையையே கல்யாண மண்டப ஊதா வெளிச்சத்தில் முக்கியெடுத்தது. கறை அதிலேயே மூழ்கிவிட்டது. 365, அதுவும் முகப்பில் கறுப்பு வடிகட்டி உள்ளதுதான் உருப்படி. டார்ச்சில் புற ஊதா வருகிறதா என்று பார்க்க ரூபாய் நோட்டின் மேல் அடித்துப் பாருங்கள், உள்ளே நூலிழைகள் பளிச்சிடும். கண்ணில் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

இரவு விளக்கையெல்லாம் அணைத்து, கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் விட்டு, சுவரை ஒட்டிச் சாய்வாக அடித்தேன். தரையில் அதிகம் இல்லை. ஆண்டுக்கணக்கில் துடைத்த தரை அது. ஜன்னலுக்குக் கீழே, முழங்கால் உயரத்திலிருந்து மங்கிய மஞ்சள் கோடுகள் வழிந்து இறங்கின. பூனை எல்லை குறிக்கும்போது நின்றபடி சுவரில் பீய்ச்சும். நாங்களோ இத்தனை நாள் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தோம்!

டார்ச் பொய்யும் சொல்லும். துணி சோப்பில் கலக்கும் வெளுப்பான்கள் இதில் நீலமாக ஒளிரும். கொடியில் தொங்கிய என் வேட்டி ஆவி மாதிரி நின்று பயமுறுத்தியது. பசை, காகிதம் எல்லாமே மினுங்கும். அதனால் ஒளிர்ந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, பகலில் மூக்கை வைத்து உறுதிசெய்தேன். டைல்ஸுக்கு அடியில் இறங்கியதை இது காட்டாது. கால் மணி நேரத்தில் டார்ச்சின் தலை கையைச் சுடுகிறது, அது ஒரு குறை.

வட்டமிட்ட இடங்களைத் தண்ணீரால் கழுவி, என்சைம் திரவத்தைத் தாராளமாக ஊற்றி, காய்ந்துவிடாமல் பாலிதீன் ஒட்டி ஒரு நாள் விட்டேன். இரண்டு சுற்று ஆனது. பினாயில் போட்ட கையோடு இதை ஊற்றினால் திரவத்தில் இருக்கும் நல்ல பாக்டீரியா செத்துவிடும், காசு வீண். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும். ஜன்னலடியில் மட்டும் மசியவில்லை. “சார், பூச்சைக் கொத்திடலாம், அதான் வழி” என்றார் கொத்தனார். கொத்தினோம். மூட்டை கட்டிய காரையைத் தூக்கிப் போனவர் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனார்.

கதவு நிலையின் அடியில் இன்னும் லேசாக மஞ்சள் மினுங்குகிறது. நாற்றம் போன பிறகும் கறை ஒளிர்வது உண்டு. ஐப்பசி மழை வரட்டும். மூக்கு சொல்வதைக் கேட்டுவிட்டுத் தச்சரைக் கூப்பிடலாம் என்றிருக்கிறேன்.