நிற்பவர்களின் அங்காடி: ஒரு விமர்சன நோக்கு

தமிழிலக்கியத்தில் அங்காடி புதிய பொருளன்று. மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைத்தார். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பண்டங்களை நிரைப்படுத்துகையில் ஈழத்து உணவுப் பொருளையும் மறவாது சேர்த்தார். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையும் ஊர்காண் காதையும் இம்மரபின் தொடர்ச்சியே. இவற்றிலே பண்டங்களின் பெருக்கம் நகரின் பெருமைக்குச் சான்றாகிறது. புலவன் அங்காடியை நடந்து காண்பவனாகின்றான். விற்போர் இப்பாடல்களில் இல்லாமலில்லை. பட்டினப்பாலை வணிகரின் நடுவுநிலைமையைப் போற்றவே செய்கிறது. ஆயினும், நாள் முழுவதும் அங்காடியில் நிற்பவனின் கண்ணால் அங்காடி பார்க்கப்படவில்லை. அக்கண்ணால் நோக்கின் அது எவ்வாறு தோன்றும் என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

இவ்வினா நூல்நிலையத்தில் எழுந்ததன்று. சென்ற விடுமுறையில் அம்மாவுடன் பலாலியிலிருந்து விமானமேறிச் சென்னை சென்றிருந்தேன். தியாகராய நகரின் பேரங்காடியொன்றைக் காணாது திரும்புவது, கோயிலுக்குச் சென்று மூலவரைக் காணாது திரும்புவதற்கொப்பாகும் என்றனர் உறவினர். மண்கும்பானில், மணற்றிட்டிகளுக்கிடையே, பெட்டிக்கடையையும் சங்கக்கடையையும் கண்டு வளர்ந்தவன் நான். பல மாடிகள் கொண்ட அக்கடையின் ஒரு தளம் முழுவதும் பலசரக்கே நிறைந்திருந்தது. அரிசியில் மட்டும் நாற்பது வகை எண்ணியபின் எண்ணுவதைக் கைவிட்டேன்.

அத்தளத்தின் நடுவே ஒரு கிராமம் அமைக்கப்பட்டிருந்தது. பிளாஸ்டிக் ஓலை வேய்ந்த குடிசை. சுண்ணச்சாந்தாற் செய்த காளைகள் பூட்டிய மாட்டுவண்டி. வண்டி நிறையக் கம்பும் கேழ்வரகும் சாமையும். கிணறொன்றும் இருந்தது. அதனுள் நீருக்குப் பதிலாக நல்லெண்ணெய்ப் போத்தல்கள் அடுக்கப்பட்டிருந்தன. நன்னீர்க் கிணறுகளாற் பெயர்பெற்ற ஊரிலிருந்து வந்த என் அம்மா, அப்பொய்க்கிணற்றடியில் நின்று படமெடுக்கச் சொன்னார். நானும் மகிழ்ந்தே எடுத்தேன். அக்காட்சியில் ஒரு கவர்ச்சி இருந்ததை மறைப்பது நேர்மையாகாது.

குடிசையருகே, தலைப்பாகை கட்டி வேட்டியை மடித்துக் கட்டிய இளைஞனொருவன் கேழ்வரகு மாவை நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். எந்த ஊர் என்று அம்மா வினவ, திருநெல்வேலிப் பக்கம் என்றான். மெய்யான கிராமத்தை விட்டு வந்தவன், பொய்யான கிராமத்திலே கிராமத்தானாக வேடமிட்டு நிற்கின்றான்! எத்தனை மணிநேர வேலை என்று நான் கேட்டபோது, மேற்பார்வையாளர் நின்ற திசையை ஒருமுறை பார்த்துவிட்டு, “வேற ஏதும் வேணுமாண்ணே?” என்றான். அவனுக்கு இருக்கை எதுவும் இருக்கவில்லை. குடிசைக்கு ஒரு திண்ணை இருந்தது. அதன்மேல் ‘உட்காராதீர்கள்’ என்று எழுதிய அட்டை வைக்கப்பட்டிருந்தது.

அன்றிரவு, வசந்தபாலன் இயக்கி 2010இல் வெளிவந்த ‘அங்காடித் தெரு’ திரைப்படத்தை மீண்டும் பார்த்தேன். ஜெயமோகன் உரையாடல் எழுதிய இப்படம், நானறிந்த வரையில், அங்காடியை நிற்பவனின் பக்கத்திலிருந்து நோக்கிய தமிழ்ப் படைப்புகளுள் முதன்மையானது. கல்வியிற் சிறந்த ஜோதிலிங்கம், ஆளில்லாப் புகையிரதக் கடவையில் தந்தையை இழந்து, குடும்பத்தைத் தாங்கும் பொருட்டுச் சென்னைப் பெருங்கடையொன்றில் வேலைக்குச் சேர்கிறான். அங்கு கனியைக் காண்கிறான். படத்தின் பலம் இக்காதற் கதையைக் காட்டிலும், அது இடங்களை எதிரெதிரே நிறுத்தும் முறையிலேயே உள்ளது. வாடிக்கையாளர் காணும் ஒளிமிக்க தளங்கள் ஒருபுறம். ஊழியர் நெருக்கியடித்து உண்ணும் கூடமும் நிரைநிரையாய்ப் படுக்கும் அறையும் மறுபுறம். இரண்டாவது இன்றி முதலாவது இல்லை. ‘மலிவு’ என்ற சொல்லின் பொருளை அகராதியிலன்றி அவ்வுணவுக் கூடத்திலேதான் தேடவேண்டும் என்பதைப் படம் காட்சியாலேயே உணர்த்திவிடுகிறது.

எனினும், இப்படத்திற் குறைகள் இல்லையெனக் கூறவியலாது. கொடுமையின் பெரும்பகுதி கருங்காலி என்னும் மேற்பார்வையாளனின் கையிலும் நாவிலும் குவிக்கப்பட்டுள்ளது. பெயரே அவனைத் தீயவனென்று அறிவித்துவிடுகிறது. அவ்விடத்தில் நல்லவனொருவன் இருந்திருப்பின் யாவும் சீராகியிருக்கும் என்று பார்ப்போர் ஆறுதல்கொள்ள இதனால் இடமேற்படுகிறது. முடிவும் இத்தகையதே. நடைபாதையில் உறங்குவோர்மீது வாகனமேற, கனி கால்களை இழக்கிறாள். நிற்பதையே தொழிலாகக் கொண்டவளின் கால்களை ஊழ் ஒரே இரவிற் பறித்துக்கொள்கிறது. ஆனால் அதே கால்களை அங்காடி நாள்தோறும் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டிருந்ததே! விபத்தின் பேரோசையில் அம்மெல்லோசை அடங்கிப்போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குவோனிடம் படம் கணக்குக் கேட்கவில்லை. அவன் கூட்டமாக வருகிறான், கூட்டமாகப் போகிறான். பொய்க்கிணற்றடியிற் படமெடுத்த நானும் அம்மாவும் அக்கூட்டத்தினரே. படத்தைப் பார்த்துக் கண்கலங்கிய பின்னரும் எம்மீது எக்குற்றமும் சாராதபடி படம் எம்மை வெளியே அனுப்பிவிடுகிறது.

நிற்றல் ஒரு சிறு விடயமென்று சிலர் கருதக்கூடும். பிரித்தானியாவில் 1899இலேயே கடைகளிற் பணிபுரியும் பெண்களுக்கு இருக்கை வழங்குதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. கோழிக்கோட்டுக் கடைகளிற் பணிபுரிந்த பெண்கள் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பாகத் திரண்டு நடத்திய போராட்டத்தைத் தொடர்ந்து 2018இல் கேரளம் இவ்வுரிமையை ஏற்றது. தமிழ்நாடு, தனது 1947ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, 2021இலே கடை ஊழியர் யாவர்க்கும் இருக்கை வழங்கவேண்டுமென விதித்தது. படம் வெளிவந்து பதினொரு ஆண்டுகளின் பின்னர் வந்த சட்டம் அது. சட்டம் வந்த பின்னரும் நான் கண்ட திண்ணையில் அட்டை இருந்தது.

ஊர் திரும்பி, எடுத்த படங்களை அம்மப்பாவுக்குக் காட்டினேன். கிணற்றடிப் படத்தை நெடுநேரம் பார்த்தார். அம்மாவையோ கிணற்றையோ அவர் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்திலே தலைப்பாகையுடன் பாதியாய் விழுந்திருந்த இளைஞனைச் சுட்டி, “இந்தப் பொடியன் எங்கை படுக்கிறான்?” என்றார்.

பதின்மூன்று வயதிற் பள்ளிக்கூடத்தை விட்டு, குருநாகலில் உறவினரொருவரின் பலசரக்குக் கடைக்கு அனுப்பப்பட்டவர் அவர். சீனிமூட்டைகளின் மேல் உறங்கினார். 1977இல் அக்கடை எரிக்கப்படும்வரை அங்கேயே இருந்தார். கடைக்காலத்தைப் பற்றி முன்பொருபோதும் அவர் பேசிக் கேட்டதில்லை. அன்று நான் வற்புறுத்திக் கேட்டபோது, “கடை எண்டா என்ன மோனை? ஆக்கள் வரேக்கை நிக்கிறது, ஆக்கள் இல்லாத நேரமும் நிக்கிறது” என்று மட்டும் கூறினார்.

தீவகத்தாராகிய நாம் எம் வணிகப் பாரம்பரியத்தைப் பெருமையுடன் பேசுபவர்கள். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு முதலாய ஊர்களிலிருந்து சென்றோர் தென்னிலங்கை நகரங்களிலே பலசரக்குக் கடைகளும் சைவ உணவுக் கடைகளும் நிறுவினர். அப்பொருள் ஊருக்குக் கோயிலாகவும் பள்ளிக்கூடமாகவும் திரும்பி வந்தது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டு வன்செயல்களிற் பல கடைகள் தீக்கிரையாகின. இவற்றை எமது ஊர் மலர்கள் பதிந்துள்ளன. ஆனால் அப்பதிவுகளின் முறை பட்டினப்பாலையின் முறையே. முதலாளிகளின் பெயரும் கடைகளின் பெயரும் நிரல்பட வரும். மூட்டைமேல் உறங்கிய சிறுவர் வருவது அரிது. அழிந்த கடைகளுக்காக வருந்தும் உரிமை எமக்குண்டு. அக்கடைகளுள் நின்ற கால்களைப் பற்றிப் பேசும் கடமையும் எமக்குண்டு. ஒன்றைப் பேசினால் மற்றதன் துயர் குறைந்துவிடும் என்று அஞ்சியே போலும், இதுகாறும் வாளாவிருந்தோம். அச்சிறுவர்களை வேலைக்கமர்த்தியவர் பெரும்பாலும் அவர்தம் மாமன்மாரும் சிற்றப்பன்மாருமே என்பதும் இம்மௌனத்திற்கு ஒரு காரணமாகலாம். உறவைக் குறைகூறல் எம்மிடையே எளிதன்று.

‘அங்காடித் தெரு’ எமக்குப் பயன்படுவது இவ்விடத்திலேதான். அதனைத் தமிழ்நாட்டுத் துயரமெனப் பார்த்து இரங்குவது எளிது. அதனை எமது வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்து, அங்கு அமர்ந்திருக்கும் முதியவரிடம் அவரது பதின்மூன்றாம் வயதைப் பற்றிக் கேட்பதே கடினமானது. அவ்வாறு கேட்டு எழுதக்கூடிய காலம் நீண்டதன்று. அம்மப்பாவின் வயதையொத்தோர் எமது குறிச்சியில் இன்று நால்வரே எஞ்சியுள்ளனர். ஈழத்துப் புனைகதை வருங்காலத்தில் ஒரு கடையைப் படைக்குமாயின், அதன் பெயர்ப்பலகையிலிருந்தன்றி, இரவில் அதன் கதவு மூடப்பட்ட பின் உள்ளே எஞ்சும் சிறுவனிடமிருந்து தொடங்குதல் வேண்டும். அச்சிறுவன் எங்கே படுக்கிறான் என்னும் வினாவை விமர்சகனும் அப்படைப்பிடம் கேட்டாகவேண்டும்.