அடுப்படி வெண்கலம்

தேக்காவில் சிராங்கூன் சாலைக் கடைகளில் குத்துவிளக்கும் காமாட்சி விளக்கும் பித்தளைக் குடமும் எவர்சில்வர் அடுக்குகளுக்கு நடுவே இன்றும் விலைபோகின்றன. பொங்கல் நெருங்கினால் கரும்புக்கும் மஞ்சள்கொத்துக்கும் பக்கத்தில் பானைகள் வரிசைகட்டும். வாங்குகிறவர்களுக்கு இவை பூசைச் சாமான், மகளுக்கான சீர், புதுவீட்டுக்கு மங்கலப் பொருள். கலைவரலாறு எழுதுகிறவர்கள்தாம் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. சோழர் காலத்து நடராசரைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு. சோறு பொங்கிய வெண்கலப் பானையைப் பற்றி எழுதப்பட்டவை சொற்பம்.

ரோமானியர்களின் வீட்டுப் பாத்திரங்களுக்கு இந்த நிலை நேரவில்லை. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை புதைத்துவிட்ட பொம்பெயி நகரத்து வீடுகளிலிருந்து கூசாக்களும் கிண்ணங்களும் விளக்குத் தண்டுகளும் குவியலாகக் கிடைத்தன. சாப்பாட்டுக்கு முன் கைகழுவ வைத்த கிண்ணத்தின் கைப்பிடி ஆட்டுத்தலையாக முடியும். சாடியின் பிடியில் ஒரு முகம் எட்டிப் பார்க்கும். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இன்று அவற்றைக் காணலாம். அத்தகைய பொருள்கள் கடல் கடந்து இந்தியாவுக்கும் வந்தன. கோலாப்பூரை அடுத்த பிரம்மபுரியில் 1940களில் நடந்த அகழாய்வில், கடல்தெய்வம் பொசைடனின் சிறு சிலையோடு ரோமானிய வெண்கலச் சாடியும் வெளிப்பட்டது.

தமிழ் மண்ணில் வெண்கலத்தை அழகுபடுத்தும் பழக்கம் அதற்கும் மூத்தது. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரை 1899 முதல் 1905 வரை அகழ்ந்த அலெக்சாண்டர் ரீ, தாழிகளோடு புதைந்திருந்த வெண்கலக் கலங்களையும் எடுத்தார். சில மூடிகளின் உச்சியில் எருமை நிற்கிறது, சிலவற்றில் பறவை. கொம்பு பின்னோக்கி வளைந்த எருமையைப் பார்த்தால், செய்தவர் அதனோடு பழகியவர் என்று சொல்லிவிடலாம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் இவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும்.

நீலகிரியின் கல்வட்டங்களில் கிடைத்த கிண்ணங்கள் இன்னொரு ரகம். மெல்லிய தகடு, பொன்னிறம், தட்டினால் மணிபோல் ஒலி. இவற்றின் உலோகவியலை விளக்கியதில் சாரதா சீனிவாசனின் ஆய்வுகளுக்குப் பெரும் பங்குண்டு. செம்போடு ஏறக்குறைய 23 விழுக்காடு வெள்ளீயம் கலந்தால் சாதாரணமாக உலோகம் கண்ணாடிபோல் நொறுங்கும். பழுக்கக் காய்ச்சிய நிலையிலேயே அடித்து நீட்டி, சூடு தணியுமுன் நீரில் முக்கினால் அந்த நொறுங்கும் தன்மை அடங்கிவிடும். கேரளக் கைவினைஞர்களிடம் இந்த முறை 20ஆம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்ததை அவரும் தொல்லியலாளர் இயான் குளோவரும் 1995இல் பதிவுசெய்தார்கள்.

சிங்கப்பூர் வாசகருக்குக் கூடுதல் ஆர்வம் தரும் செய்தி தாய்லாந்திலிருந்து வருகிறது. பான் டோன் தா பெட் என்ற இடத்தில், ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட புதைகுழிகளில், இதேபோல் வெள்ளீயம் மிகுந்த கிண்ணங்கள் கிடைத்தன. அவற்றில் பெண்கள், குதிரைகள், வீடுகள் எனக் கோட்டுச் சித்திரங்கள் உள்ளன. இந்தியாவிலிருந்து வந்த சூதுபவள மணிகளும் அங்கே இருந்தன. வங்கக் கடலின் இரு கரையிலும் ஒரே தொழில்நுட்பம் புழங்கியது தற்செயலாக இருக்க முடியாது.

வெள்ளீயமே இதற்குச் சாவி. தென்னிந்தியாவில் அது பெரிதாகக் கிடைப்பதில்லை. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ், முசிறிக்கு இறக்குமதியான சரக்குகளில் செம்பையும் வெள்ளீயத்தையும் சேர்த்தே சொல்கிறது. கிழக்கிலோ பர்மாவிலிருந்து மலாயா வழியாகப் பங்கா தீவு வரை வெள்ளீயப் படிவங்கள் நீள்கின்றன. 1887இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம், 1890இல் சிங்கப்பூரின் பிரானித் தீவில் உருக்காலை நிறுவி மலாயா வெள்ளீயத்தை உலகெங்கும் அனுப்பியது. நம் பாட்டிமார் ரசம் வைத்த ஈயச் சொம்புக்கும் அந்த வெள்ளீயம்தான் உலோகம். வெறும் சொம்பை அடுப்பில் மறந்துவிட்டால், 232 பாகை செல்சியஸ் சூட்டிலேயே உருகிப்போகும்!

இன்று வீவக வீட்டுப் பூசையறையில் நிற்கும் குத்துவிளக்கு, பெரும்பாலும் பித்தளை வார்ப்பு. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவில் இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர். அதன் விளக்குக்குப் புவிசார் குறியீடும் உண்டு. பாதம், தண்டு, அகல், உச்சியில் அன்னம் எனத் தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரையிட்டு முறுக்குகிறார்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்தினம் கழற்றிப் புளி போட்டுத் துலக்குகிற பெண்களுக்கு ஒவ்வொரு மரையின் முரண்டும் தெரியும். பன்னீர்ச் செம்பின் நீண்ட கழுத்தும் சல்லடைத் தலையும் இதே அக்கறைக்குரியவை. தமிழர் கல்யாண வாசலில் அது நிற்கிறது. பன்னீர் தெளிக்கும் சடங்கு மலாய்த் திருமணங்களிலும் உண்டு.

அடுக்குமாடி வாழ்க்கையில் அண்டாவுக்கும் தவலைக்கும் இடமில்லை என்பது உண்மைதான். அதனால் பல வீட்டுப் பாத்திரங்கள் கராங் குனிக்காரரிடம் எடைக்குப் போகின்றன. போடுமுன் கழுத்துப் பகுதியைத் திருப்பிப் பாருங்கள். சிற்றுளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கலாம். தலைப்பெழுத்தும் ஊரும் தேதியும்கூட இருக்கலாம். சீர் கொடுத்தவர் யார், எந்த ஊரிலிருந்து அது கப்பலேறியது என்பதற்கு அந்த ஒரு வரியே சான்றாகும். அதைப் படமெடுத்து, வீட்டுப் பெரியவரிடம் விவரம் கேட்டு எழுதி வையுங்கள். கேம்பல் லேனில் 2015 முதல் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.