தலைமறைவும் ஓடுகாலியும்

‘தலைமறைவு’ என்கிற சொல்லைப் போலீசும் பயன்படுத்துகிறது, நாமும் பயன்படுத்துகிறோம். ‘குற்றவாளி தலைமறைவு’ என்பது பத்திரிகைச் செய்தி. ‘தோழர் தலைமறைவாக இருந்த காலம்’ என்பது இயக்க வரலாறு. 1940களின் இறுதியில் கம்யூனிஸ்டுகள் வேட்டையாடப்பட்ட நாட்களை எழுதும்போது இச்சொல்லில் குற்றத்தின் வாடையே இருப்பதில்லை. அரசின் சொல்லை எதிர்ப்பு பிடுங்கிக்கொண்டது. சரி.

ஆனால் துரத்துவது அரசு இல்லை, சாதியும் குடும்பமும் என்றால்? அங்கே நம்மிடம் இருக்கிற சொல் ‘ஓடுகாலி’. முக்காலி, நாற்காலி போலக் காலை வைத்து உண்டான சொல்தான்; வடிவத்தில் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. ஆணைத் திட்டவும் வரும். ஆனால், பிடித்தவனோடு வீட்டைவிட்டுப் போன பெண்மேல் விழும்போதுதான் அது தீர்ப்பாகிறது. கூடப் போனவனை ‘இழுத்துக்கிட்டுப் போயிட்டான்’ என்கிறார்கள். அவன் செய்பவன், அவள் இழுக்கப்பட்ட பொருள். இலக்கணமே சாதிக்குக் காவல் நிற்கிறது.

சட்டம்கூட இவ்வளவு அவசரப்படுவதில்லை. ஒருவர் ஓடி ஒளிந்துவிட்டார் என்று நீதிமன்றம் அறிவிப்புச் செய்ய, முதலில் பிடிவாரண்டு இருக்க வேண்டும். அறிவிப்பை ஊரில் வாசிக்க வேண்டும், வீட்டில் ஒட்ட வேண்டும், ஆஜராகக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 82ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 84. ஓடுகாலி ஆக்குவதற்கு இதெல்லாம் எதற்கு? தெருவில் நாலு பேர் வாய் போதும்.

‘உடன்போக்கு’ இருக்கிறதே என்று புலவர்கள் சொல்வார்கள். உண்மை. பாலைத்திணைப் பாட்டில் அவள் காதலனோடு போகிறாள், செவிலி தேடி அலைகிறாள், கவிதை அவளைக் கேவலப்படுத்தவில்லை. அந்தச் சொல்லை வகுப்பறையில் பூட்டிவிட்டு, வாசலில் ஓடுகாலி என்கிறோம். சங்க காலப் பெருமையும் சாதிக் கொலையும் ஒரே வீட்டில் குடியிருக்க முடிவது இப்படித்தான்.

வயது வந்த இருவர் சேர்வதில் குடும்பமோ சாதிப் பஞ்சாயத்தோ தலையிட முடியாது என்று உச்சநீதிமன்றம் 2018இல் சொல்லியாயிற்று. பிறகும் அவர்கள் ஒளிந்து வாழ்கிறார்கள். வாரண்டு இல்லை, வழக்கு இல்லை, உயிருக்குத்தான் ஓட்டம். இந்த ஓட்டத்துக்கு மரியாதையான ஒரு பேச்சுமொழிச் சொல் நம்மிடம் இல்லை. தலைமறைவுத் தோழருக்குச் சோறு போட்ட வீடுகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். இவர்களுக்குக் கதவு திறந்தவர்களைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்? தலைமறைவு என்ற சொல்லைப் போலீசிடமிருந்து பறித்தவர்கள், ஓடுகாலி என்பதைச் சாதியிடமே விட்டுவைத்திருப்பது ஏன்? எழுதுகிறவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.