உழைச்செல்வான் எங்கே?

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்திற்கு ‘மருந்து’ என்று பெயர். ஆயினும் ஒரு வேரின் பெயரோ இலையின் பெயரோ அங்கில்லை. வளி முதலிய மூன்றும் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்கிறது முதற் குறள். அடுத்து வரும் 6 குறள்களும் உணவைப் பற்றியன. முன்னுண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்தபின், ஒவ்வாதன விலக்கி, அளவோடு உண்பதே நலவாழ்வு என்பது அவற்றின் சாரம். பின்னிரண்டு மருத்துவனுக்குரியன.

நாம் விரைந்து கடந்துவிடுவது இறுதிக் குறளைத்தான். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என மருத்துவத்தை அது நான்கு கூறாக்குகிறது. ‘உழை’ என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலிருந்து பணிவிடை செய்பவனே உழைச்செல்வான். நள்ளிரவில் எழுந்து கஞ்சி காய்ச்சும் கைகளை மருத்துவனோடு ஒரே வரிசையில் வைத்தது வள்ளுவரின் பெருமை.

ஆனால், உள்ளத்தின் துன்பத்தைப் பேசும் 63ஆம் அதிகாரமாகிய ‘இடுக்கண் அழியாமை’யைப் படிக்கும்போது ஒரு வினா எழுகிறது. துன்பம் வருகையில் நகைக்கவும், துன்பத்திற்கே துன்பம் கொடுக்கவும், தடையுள்ள வழியில் வண்டியிழுக்கும் எருதைப்போல் முயலவும் அது கற்பிக்கிறது. பத்துக் குறள்களிலும் துன்புற்றவன் தனியனாகவே நிற்கிறான். உடல் நோய்க்கு உண்டென்ற உழைச்செல்வான் உள்ளத்தின் நோய்க்கு எங்கே?

உறக்கமும் பசியும் இழந்து மாதக்கணக்கில் ஒடுங்கிக் கிடந்த நண்பர் ஒருவருக்கு, நகைக்கச் சொல்லும் அக்குறளைக் கூறி நானும் தேற்றியதுண்டு. அவர் தலையசைத்தார், அதன்பின் தம் துயரை என்னிடம் பேசவேயில்லை. காய்ச்சலில் துவண்டவரிடம் அப்படிச் சொல்லத் துணிந்திருப்பேனா?

விடையை வள்ளுவர் வேறோர் இடத்தில் வைத்திருக்கிறார். 79ஆம் அதிகாரமாகிய ‘நட்பு’, உடை நழுவும்போது கை தானாக விரைந்து பற்றுவதுபோல நண்பனின் துயரைக் களையச் சொல்கிறது. அங்கும் ‘இடுக்கண்’ என்னும் அதே சொல்லே வருகிறது! அக்கை அழைப்புக்குக் காத்திருப்பதில்லை, அறிவுரையும் கூறுவதில்லை. உள்ளத்தின் உழைச்செல்வான் அந்த நண்பனே.

அதிகாரங்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்தவர்கள் நாம். அதனால் துன்புற்றவனுக்குரிய துணிவை அவனிடம் வற்புறுத்திவிட்டு, நமக்குரிய கடமையை மறந்தோம். 63ஐ அவன் படிக்கட்டும். நாம் படிக்க வேண்டியது 79ஐ. இரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றி ‘மருந்து’ நிறைவு பெறாது.

அடுத்தமுறை அந்நண்பரைக் காணச் சென்றபோது நான் குறள் எதுவும் கூறவில்லை. மனநல மருத்துவரிடம் அவரோடு சென்று, முறை வரும்வரை பக்கத்தில் அமர்ந்திருந்தேன்.