அரைப்பேர் லெப்டொப்

ஐந்து வாரமாக இந்த லெப்டொப் என்னோடு இருக்கிறது. புரொசசர், ரேம், எஸ்எஸ்டி விவரமெல்லாம் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே உண்டு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கீபோர்ட் அருமை. கந்தப்பளைக் குளிரில் விறைத்துப்போன விரலுக்கும் எழுத்துத் தட்டுப்பட்டது தெரிகிறது. வெயிலில் திரை மங்குகிறது என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தக் கவலை வருடத்தில் சில நாளைக்குத்தான். வைஃபை மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் இத்தோடு முடித்திருப்பேன்.

கம்பனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதே கம்பனியின் பழைய லெப்டொப்பை எட்டு வருடம் வைத்திருந்தவன் நான். இரண்டு கீ கழன்று, பட்டரி செத்து, சார்ஜர் செருகாமல் எழும்பாது என்ற நிலைக்கு வந்த பிறகும் அதன் வைஃபை ஒருநாள் சண்டித்தனம் செய்ததில்லை. அந்த விசுவாசத்தில்தான் புதியதையும் அங்கேயே வாங்கினேன்.

எங்களுடையது பழைய லயத்து வீடு. சிம் போடும் 4ஜி ரவுட்டர் இஸ்தோப்பு ஜன்னலில் இருக்கிறது. எதிர் மலையில் இருக்கும் டவர் அந்த ஜன்னலுக்கு மட்டும்தான் முகம் காட்டும். என் மேசை உள்காம்பராவில். நடுவில் வெள்ளைக்காரன் காலத்துக் கல்சுவர், மேலே தகரம். கொழும்புக் கம்பனி ஒன்றுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். மாலையில் அதே மேசையில் அக்கா மகளுக்கு ஏ.எல். சூம் வகுப்பு.

முதல் வாரமே ஒன்று பிடிபட்டது: கரண்ட் போனால் இன்டர்நெட்டும் போகிறது. இதிலென்ன அதிசயம் என்பீர்கள். ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு வந்த காலத்தில் வாங்கியது, இன்றும் உழைக்கிறது. வீடே இருட்டில் கிடக்கும்போது ரவுட்டரின் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். லெப்டொப்பில் மட்டும் வைஃபை அடையாளம் முதலில் தேயும், பிறகு மஞ்சள் முக்கோணம் வரும், பிறகு ஒன்றுமே இல்லை.

"கரண்ட் போனா டவரும் போயிரும்" என்றார் பக்கத்து லயத்து மாமா. அம்மாவுக்குச் சந்தேகம் பனிமேல். எங்கள் பக்கம் எந்தக் குற்றத்துக்கும் பனிதான் முதல் எதிரி. சளி பிடிப்பதிலிருந்து பஸ் பிந்துவது வரை. பாவம் பனி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். பனித்துளியோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரு பங்குதான். இஸ்தோப்புக்கும் உள்காம்பராவுக்கும் நடுவே அது என்ன தடுத்துவிட முடியும்? தடுப்பது கல்சுவரும் தகரமும் மலையும்தான். மலை மறைத்தால் என்ன ஆகும் என்பதை 2021இல் பதுளை மாவட்டத்து போஹிட்டியாவ பிள்ளைகள் காட்டினார்கள். ஒன்லைன் பாடத்துக்குச் சிக்னல் தேடி அவர்கள் மலையேறிய கதை வெளிநாட்டுச் செய்திகளிலும் வந்தது. என் பிரச்சினை அந்த ரகம் இல்லை. ஒரே கதிரையில் உட்கார்ந்து, லெப்டொப் அறுந்து கிடக்கும் அதே நிமிடத்தில், என் போன் அதே வைஃபையில் வீடியோ ஓட்டியது. இந்தச் சோதனையை முதல்நாளே செய்திருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்துச் செய்தேன்.

அதற்குள் நுவரெலியா டவுனில் ஒரு கடைக்கும் கொண்டுபோயாயிற்று. தம்பி திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஃபோமட் பண்ணிருவோம் அண்ணே." பல்வலிக்குப் போனவனைத் தலையை எடுத்துவிட்டுப் புதிதாக வைப்போம் என்பதுபோல. விண்டோஸில் 'ட்ரபிள்ஷூட்' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதையும் விடவில்லை. அது கொஞ்சநேரம் யோசிக்கும், பிறகு பிரச்சினை எதையும் அடையாளம் காண முடியவில்லை என்று பணிவாகச் சொல்லும். ஒருதடவை ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னது. நிரபராதியை லொக்கப்பில் வைத்த கதை.

உண்மையைச் சொன்னது கறுப்புத் திரைதான். கொமாண்ட் ப்ரொம்ப்டைத் திறந்து, ரவுட்டரின் முகவரிக்கு நிறுத்தாமல் பிங் ஓடவிட்டேன். டவரும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். வீட்டுக்குள்ளேயே கூப்பிட்டால் பதில் வருகிறதா என்பது மட்டும்தான் கேள்வி. இரண்டு மில்லிசெக்கன், மூன்று, இரண்டு, இரண்டு. கரண்ட் போகவில்லை, பனியும் இல்லை. சார்ஜரைப் பிடுங்கினேன். மூன்று, நாற்பது, நூற்றெண்பது, நானூற்றுப் பத்து, பிறகு 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்ற வரி வரிசையாக இறங்கியது. செருகினேன், கொஞ்சநேரத்தில் மறுபடி இரண்டு. நாலு தடவை பிடுங்கிச் செருகிப் பார்த்தேன், நாலு தடவையும் அதே கூத்து.

விண்டோஸ் கடைசி மூன்று நாள் வைஃபை வரலாற்றை அறிக்கையாகத் தரும். நெட்ஷெல் கட்டளையில் 'டபிள்யூலேன் ரிப்போர்ட்' கேட்டால் வரும். அதிலிருந்த சிவப்புப் பெருக்கல் குறிகளை, கரண்ட் போன நேரத்தை அம்மா குறித்துவைக்கும் குசினிக் கலண்டரோடு பொருத்திப் பார்த்தேன். ஒரு குறியைத் தவிர எல்லாம் பொருந்தியது. அந்த ஒன்று, அக்கா மகள் லெப்டொப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றித் தூக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போன நேரம்.

காரணம் இதுதான். தோட்டத்தில் வேலைக்குமுன் பேர் கூப்பிடும் பிரட்டுபோல, ரவுட்டரும் வினாடிக்கு ஏறக்குறைய பத்துத் தடவை பிரட்டு வைக்கிறது. யாருக்கெல்லாம் தகவல் வந்து காத்திருக்கிறதோ அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும். மற்ற நேரத்தில் வைஃபை கார்ட் கண்ணயரலாம், பேர் கூப்பிடும்போது விழித்தால் போதும். பட்டரியை மிச்சம்பிடிக்க வைஃபை விதியிலேயே உள்ள ஏற்பாடு. போன்களும் இப்படித்தான் தூங்கி எழும்புகின்றன. இந்த லெப்டொப்பின் கார்ட் தூங்குகிறது, பிரட்டுக்கு எழும்புவதில்லை. பிரட்டுக்குப் பிந்தினால் என்ன நடக்கும் என்று தோட்டத்தில் பிறந்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரைநாள் சம்பளம், அதாவது அரைப்பேர். இந்த லெப்டொப்புக்கும் சார்ஜரில் இருந்தால் முழுப்பேர், பட்டரியில் அரைப்பேர்.

எல்லோரும் முதலில் சொல்லும் வைத்தியம், டிவைஸ் மனேஜரில் வைஃபை கார்டைத் திறந்து, மின்சாரம் மிச்சம்பிடிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுப்பது. எடுத்தேன், குணமாகவில்லை. அது கார்டை அடியோடு அணைப்பதைப் பற்றிய அனுமதி. வேலைக்கு நடுவே கண்ணயர்வது வேறு கணக்கு. அந்தக் கணக்கு பவர் ஒப்ஷன்ஸுக்குள், அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில், வயர்லெஸ் அடப்டர் என்ற தலைப்பின் கீழ் கிடக்கிறது. பேலன்ஸ்ட் திட்டத்தில் சார்ஜரில் இருந்தால் 'மக்ஸிமம் பெர்ஃபோமன்ஸ்', பட்டரியில் இருந்தால் நடுத்தரச் சிக்கனம் என்பதுதான் வழக்கம். பட்டரிக்கும் 'மக்ஸிமம்' என்று மாற்றினேன். பிங் இரண்டிலேயே நின்றது. புதிய லெப்டொப் பலவற்றில் இந்த வரியையே மறைத்துவிடுகிறார்கள். அப்படியானால் யூஎஸ்பியில் செருகும் வைஃபை குச்சி ஒன்று வாங்குவது நிம்மதி. நீலநிற யூஎஸ்பி 3 துளையில், ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் மட்டும் செருகாதீர்கள். அந்த இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல்லே 2012இல் எழுதிவைத்திருக்கிறது.

பழைய லெப்டொப் ஏன் சாகும்வரை ஒழுங்காக இருந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. கடைசி மூன்று வருடம் அது சார்ஜரிலேயே கிடந்தது. அரைப்பேர் வாங்கச் சந்தர்ப்பமே இல்லை. எட்டு வருட விசுவாசத்தில் மூன்றைக் கழிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது மிச்சமிருக்கும் எரிச்சல், கம்பனி தானே போட்டு அனுப்பிய 'பட்டரி பராமரிப்பு' அப். அப்டேட் வரும்போதெல்லாம் அது தன் திட்டத்தைத் தூக்கி முன்னால் வைக்கிறது, என் 'மக்ஸிமம்' காணாமல் போகிறது. போன வியாழக்கிழமை வகுப்புக்கு நடுவே கரண்ட் போனது. "மாமா, டீச்சர் உறைஞ்சிட்டாங்க" என்று உள்ளேயிருந்து சத்தம். எழும்பிப் போய் ஐந்தாவது தடவையாக மாற்றிவிட்டு, அந்த அப்பைக் கழற்றி எறிந்தேன். பட்டரி முன்பைவிடக் கொஞ்சம் சீக்கிரம் இறங்குகிறது. கீபோர்ட் இன்னும் அருமைதான்.